மொட்டை டயரும் வெண்ணெய் உருண்டையும்

ஆபீஸில் ஆணி அதிகம். இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. எழுதணும் எழுதணும்னு நினைச்சு ஒத்திப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் ஒண்ணு இருக்கு. அப்பா வண்டியிலிருந்து விழுந்த கதை. இப்போ நல்லாத்தான் இருக்கார், கவலைப்படாதீங்க. தள்ளிப் போட்டதுக்குக் காரணம் வேற. அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கு.

டிஸ்கி: நடுவில் கொஞ்சம் பௌதிகம் வரும். பிடிக்காதவங்க அந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சுடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

2022 ஆகஸ்ட். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு, அத்தை வீட்டுக்கு, அப்பா தன்னோட டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்பினார். திருக்கழுக்குன்றம் வழியா முப்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போங்கன்னா கேக்க மாட்டார். வண்டியில் முன்னாடி ஒரு பை வெண்டைக்காயும் முருங்கைக்கீரையும் வெச்சுக்கிட்டு, தங்கச்சி வீட்டுக்குச் சீர் கொண்டு போற தோரணையில்தான் போவார். திருக்கழுக்குன்றம் தாண்டினதும் தூறல். மழைன்னு சொல்ல முடியாது, சட்டை நனையாத தூறல். ஒரு வளைவில் ஆடு குறுக்கே வந்துச்சு. பிரேக் பிடிச்சார். வண்டி நிக்கலை, பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிக்கிட்டு அவருக்கு முன்னாடி போயிடுச்சு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலை. அப்பாவுக்குக் காறை எலும்பு முறிஞ்சுது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்போ கையைத் தொட்டில் மாதிரி கழுத்தில் கட்டி உக்கார வெச்சிருந்தாங்க. அம்மா வழக்கம் போல ஆரம்பிச்சாங்க. "டயரைப் பார்த்தீங்களா? என் உள்ளங்கை மாதிரி இருக்குது. மாத்துங்க மாத்துங்கன்னு எத்தினி தடவை சொன்னேன்?"

அப்பா அம்மாவைப் பார்க்கலை. என்னைப் பார்த்தார்.

"நீதானடா சொன்ன? ரேஸ் வண்டிக்கெல்லாம் மொட்டை டயர்தான், அதுதான் ரோட்டை நல்லாப் பிடிக்கும்னு?"

சொல்லியிருந்தேன். 2020-இல் ஊரடங்கு நேரத்துல எல்லாரும் வீட்டிலேயே அடைஞ்சு கிடந்தோமே, அப்போ டிவியில் பழைய கார் ரேஸ் ஓடிக்கிட்டிருந்தது. அந்த டயரில் ஏன் கோடே இல்லைன்னு அப்பா கேட்டார். மறைமலை நகர் பக்கம் ரப்பர் சாமான் செய்யுற கம்பெனி ஒண்ணுல தரம் பாக்குற வேலை எனக்கு. ஆயில் சீல், ஓ-ரிங், இந்த மாதிரி. ரப்பரைப் பத்தி வீட்டில் யாராவது கேட்டா எனக்குக் கொம்பு முளைச்சுடும். "கோடு இல்லாட்டி ரோட்டில் படுற ரப்பர் அதிகம்ப்பா, பிடிமானமும் அதிகம்"னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பொய்யில்லை. ஆனா பாதி. அந்தப் பாதியை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் டயர் செலவை மிச்சம் பண்ணிட்டார் மனுஷர்.

அந்த மீதிப் பாதி எனக்குத் தெரியாததும் இல்லை. பத்து வயசுலயே உடம்பில் எழுதிக்கிட்டது. இங்கேதான் கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுத்தணும்.

மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைப் பாறையை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபரும் அதுக்கு முன்னாடி கையைத் தூக்கிக்கிட்டு நின்ன போட்டோ உலகம் பூரா சுத்திச்சு. சுமார் 6 மீட்டர் உயரம், எடை 250 டன்னுன்னு சொல்றாங்க. 1908-இல் கவர்னர் லாலி, உருண்டு வந்து யார் தலையிலாவது விழுந்துடும்னு பயந்து ஏழு யானையைக் கட்டி இழுக்கச் சொன்னாராம், அசையலையாம். இந்தக் கதையைச் சொல்லாத கைடு ஊர்ல இல்லை. எங்களுக்கு அந்த உருண்டை முக்கியமில்லை. அதுக்குக் கீழே இருக்குற சரிவுதான் முக்கியம். அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போனா நாள் பூரா அதுல சறுக்கிக்கிட்டுத்தான் கிடப்போம். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைங்க டவுசர் தேய்ச்சுத் தேய்ச்சு அந்தக் கல் நடுவில் பளபளன்னு ஆகியிருக்கும். மாமா கல் வேலை செய்யுறவர். "நாங்க சாமி சிலைக்கு மாசக்கணக்கா மெருகு ஏத்தறோம். நீங்க குண்டியாலேயே ஏத்திட்டீங்களேடா"ம்பார்.

காய்ஞ்ச நாளில் ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டு அந்த வழவழப்பு மேலேயே பல்லி மாதிரி ஏறுவேன். நல்லாத் தேய்ஞ்ச, அடியில் ஒரு கோடுகூட இல்லாத செருப்பு. ஒரு நாள் சாயங்காலம் லேசாத் தூறிச்சு. அதே கல், அதே செருப்பு, அதே நான். பாதி தூரம் ஏறியிருப்பேன். அவ்வளவுதான். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

அன்னிக்கு என் காலுக்குக் கீழே நடந்ததும் முப்பது வருஷம் கழிச்சு அப்பா டயருக்குக் கீழே நடந்ததும் ஒண்ணுதான்.

பள்ளிக்கூடத்தில் உராய்வுக்கு ஒரு விதி படிச்சிருப்போம்: உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடுற பரப்பைப் பொறுத்தது இல்லை. 1699-இல் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது. செங்கல்லைப் படுக்க வெச்சு இழுத்தாலும் நிமிர்த்தி வெச்சு இழுத்தாலும் ஒரே விசை. எனக்கு அப்பவே இது உறுத்தும். பரப்பு அதிகமானா பிடிப்பும் அதிகமாகணுமே, அதானே நியாயம்? வாத்தியாரைக் கேட்டா "பரீட்சைக்கு இதை எழுது"ன்னுட்டார்.

நியாயம் என் பக்கம்தான் இருந்துச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது :-) நாம கண்ணால பாக்குற பரப்பு உண்மையான பரப்பே இல்லை. எவ்வளவு வழவழப்பான கல்லும் கிட்டப் போய்ப் பார்த்தா மேடும் பள்ளமும்தான். ரெண்டு கல்லை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா மேட்டு நுனிகள் மட்டும்தான் தொடும், மத்த இடமெல்லாம் காத்து. இதைக் கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர்னு ரெண்டு பேர் 1930-கள் கடைசியிலிருந்து சோதனை செஞ்சு காட்டினாங்க. எடை ஏற ஏற நிஜமாத் தொடுற இடமும் அதே விகிதத்தில் ஏறுது. உராய்வு அந்த நிஜப் பரப்பைப் பொறுத்தது. அதனால எடையைப் பொறுத்த மாதிரி தெரியுது.

ஏன் சரியா அதே விகிதத்தில் ஏறணும்? அதுக்கு 1966-இல் கிரீன்வுட், வில்லியம்சன்னு ரெண்டு பேர் சொன்ன விளக்கத்தை நான் சாமி புறப்பாட்டை வெச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். பல்லக்குத் தூக்குறவங்க எல்லாரும் ஒரே உயரமா இருக்க மாட்டாங்க. பல்லக்கு லேசா இருக்குறப்போ நெட்டையா இருக்குற நாலு பேர் தோளில்தான் தண்டு படும். குட்டையா இருக்குறவங்க சும்மா கையை வெச்சுக்கிட்டு நடப்பாங்க (எங்க சித்தப்பா வருஷா வருஷம் இப்படித்தான்). எடை ஏறினா தண்டு கொஞ்சம் இறங்கும், நெட்டைங்க தோள் அமுங்கும், அடுத்த உயரத்தில் இருக்குறவங்க தோளிலும் படும். இன்னும் ஏறினா இன்னும் சில பேர். தூக்குற ஆளோட எண்ணிக்கை கூடுது. ஆனா தூக்குற ஆளுக்குச் சராசரியா எவ்வளவு சுமைன்னு பார்த்தா பெருசா மாறாது. கல்லோட மேடுகளும் அப்படித்தான். எடை ரெண்டு மடங்கானா தொடுற மேடுங்க ஏறக்குறைய ரெண்டு மடங்காகுது.

சரி, முதல் கணக்கு. ஊசிமுனை அளவு இடத்தில் அழுத்திக் கருங்கல்லில் பள்ளம் விழ வைக்கணும்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 60,000 கிலோ கணக்கில் அழுத்தம் வேணும். வெண்ணெய் உருண்டை 250 டன், அதாவது 2,50,000 கிலோ. வகுத்துப் பாருங்க. நாலு சதுர சென்டிமீட்டர் சொச்சம். தோராயக் கணக்குதான், இடையில் இருக்குற தூசு துரும்பையெல்லாம் நான் சேர்க்கலை. ஆனாலும் அவ்வளவு பெரிய பாறை நிஜமாத் தொட்டுக்கிட்டு நிக்குற இடத்தையெல்லாம் ஒண்ணாக் கூட்டினா ஒரு தபால்தலை அளவு. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டப்போ பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கல்லுமேல் கல் இப்படி. கல்லுமேல் ரப்பர்னா கதை மாறுது. ரப்பர் விட்டுக்கொடுக்கும். சப்பாத்தி மாவை அம்மியில் வெச்சு அழுத்தின மாதிரி மேடுகளைச் சுத்தி வளைஞ்சு இறங்கும். ஆனா மாவு அளவுக்கு முழுசா இல்லை. ரோட்டு ஜல்லி ஒவ்வொண்ணும் ஒரு மேடு. அந்த ஜல்லிமேல் மணல் அளவு மேடு, அதுமேல் அதைவிடச் சின்ன மேடு, இப்படிப் போய்க்கிட்டே இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்குற ரப்பருக்குச் சின்னப் பள்ளத்தில் இறங்கத் தெம்பு பத்தாது. ஜெர்மனியில் யூலிக் ஆராய்ச்சி மையத்தில் இருந்த பூ பெர்சன் 2001-இல் இந்த எல்லா அளவு மேடுகளையும் சேர்த்து ஒரு கோட்பாடு எழுதினார். எங்க தொழிலில் சீல் ஏன் கசியுதுன்னு யோசிக்கிறவங்களும் இன்னிக்கு அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க. அது மாதிரி கணக்குப் போட்டா ரோட்டில் டயர் நிஜமாத் தொடுற இடம், தொடுற மாதிரி தெரியுற இடத்தில் நூத்துக்குச் சில பங்குதான் வருது. எக்ஸெல் பின்சக்கரம் ரோட்டில் பதியுற இடமே உள்ளங்கையைவிடச் சின்னது. அதில் சில பங்குன்னா, தோராயமா ஒரு கட்டைவிரல் நகம்.

அப்பாவையும் வெண்டைக்காயையும் அந்த வளைவில் பிடிச்சு வெச்சிருக்க வேண்டியது அந்த நகம் அளவு ரப்பர்தான்.

ரப்பர் பிடிக்கிற விதம் ரெண்டு. ஒண்ணு ஒட்டுறது. நிஜமாத் தொடுற இடத்தில் ரப்பர் கல்லோட ஒட்டிக்கும், பிய்ச்சு எடுக்க விசை வேணும். வழவழப்பான காய்ஞ்ச கல்லில் இதுதான் ராஜா, என் தேய்ஞ்ச செருப்பு பல்லி மாதிரி ஏறினது இதனால். ரெண்டாவது கொஞ்சம் வேடிக்கை. மேடு மேல ஏறுறப்போ ரப்பர் அமுங்கும், தாண்டினதும் விரியும். ஆனா அமுக்கினப்போ வாங்கின சக்தியை விரியுறப்போ முழுசாத் திருப்பித் தராது. நூறு ரூபா கடன் வாங்கி எழுபது திருப்பிக் கொடுக்குற ஆள் மாதிரி. நமக்கு லாபமே அந்த வராத முப்பதுலதான். அது சூடாப் போகும், வண்டியை நிறுத்தும். நல்லா எகிறிக் குதிக்கிற ரப்பர் பந்து நாணயமான ஆள், அந்த ரப்பரில் டயர் செஞ்சா ஈர ரோட்டில் நீங்க அவ்வளவுதான்.

இந்த ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டினது 1963-இல் குரோஷ் என்பவர். இங்கிலாந்தில் ரப்பருக்குன்னே இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் செஞ்ச வேலை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த வரிப் பணத்தில் நடந்த கூடம் அது. எங்க தாத்தாவோட அண்ணன் அப்படி ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர், திரும்பி வரலை. ஒரு கடுதாசியும் ஒரு போட்டோவும்தான் வந்துச்சுன்னு பாட்டி சொல்லும். அவர் வடிச்ச பால் எந்த டயரா எங்கே ஓடிச்சோ.

இப்போ தூறலுக்கு வருவோம். கல்லுக்கும் ரப்பருக்கும் நடுவில் மெல்லிசாத் தண்ணி வந்துடுச்சுன்னா ஒட்டுறது போச்சு. மிச்சம் இருக்குறது ரெண்டாவது மட்டும்தான். அதுக்குத் தண்ணிப் படலத்தைக் குத்திக்கிட்டு ரப்பருக்குள்ள ஏற ஜல்லியில் கூர்மை வேணும். மெருகேறின கல்லில் அந்தக் கூர்மை ஏது? சரிவில் என் முழங்கால் போனது இப்படித்தான். கொட்டுற மழையைவிட முதல் தூறல் மோசம்னு சொல்றதும் உண்மை. ரோட்டில் படிஞ்ச எண்ணெய், தூசு, டயர்ப் பொடி எல்லாம் அந்தக் கொஞ்சூண்டு தண்ணியில் குழைஞ்சு சந்தனம் மாதிரி ஆகிடும். பெருமழை வந்தாதான் கழுவிக்கிட்டுப் போகும்.

டயரில் கோடு எதுக்குன்னா தண்ணிக்குப் போக வழி விடுறதுக்கு. ரேஸ் வண்டியும் மழைன்னா மொட்டை டயரைக் கழட்டிட்டு கோடு போட்ட டயரை மாட்டும். நான் அப்பாவுக்குச் சொல்லாம விட்டது இதைத்தான். இன்னொண்ணும் விட்டேன்: ரேஸ் டயர் தேய்ஞ்சதால் மொட்டையானது இல்லை. மெத்துன்னு ஒட்டுற ரப்பரில் மொட்டையாவே செய்யறாங்க.

முதலில் நானும் அம்மா கட்சிதான். மொட்டை டயர், தண்ணிமேல் மிதந்துடுச்சு, அதான் விழுந்தார்னு முடிவு கட்டிட்டேன். மனசு கேக்காம ரெண்டாவது கணக்கைப் போட்டேன். டயர் முழுசாத் தண்ணிமேல் மிதக்க எவ்வளவு வேகம் வேணும்னு 1963-இல் நாசாக்காரங்க விமான டயருக்காக ஒரு சூத்திரம் போட்டாங்க. காத்தழுத்தத்தை வெச்சுச் சொல்லிடலாம். அப்பா டயர் அழுத்தத்துக்கு மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வருது. அதுவும் ரோட்டில் தண்ணி தேங்கி நின்னா. அப்பா எக்ஸெல்லில் 35-ஐத் தாண்ட மாட்டார், தேங்குற அளவுக்குத் தண்ணியும் இல்லை. அப்போ மிதக்கலை. சட்டை நனையாத தூறலில் கோட்டோட ஆழத்துக்குப் பெரிய வேலை இல்லை.

பின்னே எது?

ஆபீஸிலிருந்து ரப்பர் கெட்டி பாக்குற மீட்டரை ஒரு சனிக்கிழமை எடுத்துக்கிட்டு வந்தேன் (கேட்டுத்தான்). ஷோர் அளவுன்னு சொல்வோம். ஒரு சின்ன முள், ரப்பரில் அழுத்தினா எவ்வளவு இறங்குதுன்னு காட்டும். டயர் ரப்பர் புதுசுல அறுபது அறுபத்தஞ்சு காட்டும். அப்பா டயரில் அஞ்சு இடத்துல வெச்சுப் பார்த்தேன், 77, 78. வருஷக்கணக்கா வெயிலில் நின்னு நின்னு ரப்பர் இறுகிப் போயிருக்கு. இறுகின ரப்பர் ஜல்லியைச் சுத்தி வளையாது. நகம் அளவு இருந்த இடம் இன்னும் சுருங்கிடும். அப்புறம் அந்த வளைவுக்குப் போய்ச் செருப்பைக் கழட்டிட்டு நின்னு பார்த்தேன். போற வர்ற ஜனம் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருக்கும். ஜல்லித் தலையெல்லாம் லாரி ஓடி ஓடி மழமழன்னு இருந்துச்சு. கால் விரலுக்கு அந்தச் சரிவு நல்லா ஞாபகம் வந்துடுச்சு.

வீட்டில் வந்து சொன்னேன். டயர் மொட்டைங்கறதைவிடக் கிழம்ங்கறது பெரிய தப்பு, அதோட ரோட்டுக் கல்லும் மெருகேறிப் போச்சு. அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, "அம்மி மாதிரின்னு சொல்லு"ன்னாங்க. அம்மி தேய்ஞ்சு வழவழன்னு ஆயிட்டா மிளகாய் அரைபடாது, நழுவிக்கிட்டே போகும். அம்மி கொத்துறவர் தெருவில் கூவிக்கிட்டு வருவார், உளியால புள்ளி புள்ளியாக் கொத்திக் கொடுத்தா மறுபடி பிடிக்கும். இவ்வளவு நேரம் நான் வெள்ளைக்காரங்க பேரா அடுக்கிச் சொன்னதை அம்மா ஒரே வரியில் முடிச்சுட்டாங்க. நெசமாவே சில நாடுகளில் மெருகேறின ரோட்டை அப்படித்தான் இயந்திரத்தால் கொத்தி விடுறாங்க.

அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தார். "அப்போ என் மேல தப்பில்ல?"ன்னார்.

"டயரை மாத்தியிருந்தா ரப்பரும் புதுசா இருந்திருக்கும்ல?"ன்னேன்.

"நீ சொன்னதாலதானே மாத்தல?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அன்னிக்கு ராத்திரி அவருக்குச் சட்டை மாத்தி விட்டேன். கையைத் தூக்குறப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டார், சத்தம் போடலை. தொட்டில் கட்டின கையோட ஆறு வாரம் இருந்தார்.

கட்டுப் பிரிச்ச அடுத்த வாரம் ரெண்டு பேரும் டயர் கடைக்குப் போனோம். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒண்ணு நீள்வட்டத்துக்குள்ள இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2322-ன்னா 2022-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு போற வழியில் சொல்லியிருந்தேன். கடைக்காரர் ஒரு டயரை எடுத்துப் போட்டார். அப்பா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, டயரைச் சுத்திச் சுத்திப் பார்த்து, எண்ணைக் கண்டுபிடிச்சு, கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தார்.

"இது நாலு வருஷப் பழசுப்பா. வேற எடு."

"பெரியவரே, இத்தினி வருஷமா கடை வெச்சிருக்கேன், யாரும் இதைப் பார்த்ததில்ல. யாரு சொன்னது உங்களுக்கு?"

அப்பா என் பக்கம் தலையை ஆட்டினார். "இவன்தான். ஆனா பாதிதான் சொல்லுவான். மீதியை நாமதான் கேட்டு வாங்கணும்."